பச்சைப் பீரோவின் சாவி

என் மகளுக்கு ஆறு வயதானபோது கோவில்பட்டி பஸ் நிலையத்துக் கடையில் ஒரு கதைப் புத்தகம் வாங்கினேன். பெரிய எழுத்து, பக்கத்துக்கு ஒரு படம், ஒவ்வொரு கதையின் அடியிலும் கட்டம் கட்டி ஒரு நீதி. முதல் கதையில் ஒரு முயல்குட்டி அம்மா பேச்சைக் கேட்காமல் பொந்துக்குள் எட்டிப் பார்த்துப் பாதிக் காதைப் பறிகொடுத்தது. வேண்டாததை எட்டிப் பார்க்காதே என்று கட்டத்துக்குள் போட்டிருந்தார்கள். புரட்டினால் அடுத்த கதையில் ஒரு பையன், எறும்புகள் எங்கேதான் போகின்றன பார்ப்போம் என்று பின்னாலேயே போய்ப் புதையலைக் கண்டுபிடித்துவிடுகிறான். எதையும் துருவி ஆராய வேண்டும் என்று அதற்கும் ஒரு கட்டம். இரண்டு நீதிக்கும் நடுவில் ஒரே ஒரு தாள்தான் இருந்தது.

மகள் இரண்டையும் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "அப்ப நான் பாக்கணுமா, பாக்கக் கூடாதாம்மா?" என்றாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. புத்தகத்தை மூடிவிட்டு, போய் விளையாடு என்று விரட்டினேன். எரிச்சல் அவள் மேல் இல்லை. இதே கேள்வியைப் பத்து வயதில் நானும் எனக்குள்ளே கேட்டிருக்கிறேன். இன்றுவரை பதில் பிடிபடவில்லை. அந்தக் கேள்வியின் குழப்பத்தில் என்னோடு ஒரே பலகையில் உட்கார்ந்திருந்த ஒருத்தியின் படிப்பே போயிற்று. அதற்குக் காரணம் நானா, கதைகளா, எப்படியும் போயிருக்கக் கூடியதுதானா என்பதும் எனக்குப் பிடிபடவில்லை.

எங்கள் ஊர் புதூர் பக்கம். ஊர்ப் பெயரைச் சொன்னால், அது எங்கே இருக்கிறது என்று புதூர்க்காரர்களே கேட்பார்கள். அஞ்சாம் வகுப்பு வரை ஒரே பள்ளிக்கூடம், அத்தனை வகுப்புக்கும் ஒரே டீச்சர். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம், நாகலாபுரம் வழியாக இரண்டு பஸ் மாறி வருவார். வந்து இறங்கும்போதே பாதி உயிர் போயிருக்கும். மாலையில் திரும்பும் பஸ்ஸை விட்டால் அன்றைக்கு வேறு வண்டி கிடையாது. அதனால் டிரைவர் ஓடை வளைவிலேயே ஒருமுறை ஹாரன் அடிப்பார். அது டீச்சருக்கான ஹாரன். எந்தப் பாடம் எந்த வரியில் நின்றாலும் அதோடு சரி.

வகுப்பறையில் பச்சை நிறத்தில் ஓர் இரும்புப் பீரோ நின்றது. அரசாங்கம் எங்களுக்காகக் கொடுத்தது. உள்ளே கதைப் புத்தகங்கள், உலக உருண்டை, பூதக்கண்ணாடி எல்லாம் இருப்பதாகப் பேச்சு. பேச்சுதான், நாங்கள் பார்த்ததில்லை. ஒரு பக்கம் கிழிந்தாலும் நான்தான் பதில் சொல்லணும் என்று டீச்சர் அதைப் பூட்டியே வைத்திருந்தார். சாவி கரும்பலகைக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்கும். யாரும் தொட மாட்டோம். வெள்ளிக்கிழமை கடைசி மணியில் மட்டும் கதவை ஒரு சாண் அகலத்துக்குத் திறந்து, கையை மட்டும் உள்ளே விட்டு ஒரு புத்தகத்தை எடுத்து, உடனே பூட்டிவிட்டுக் கதை வாசிப்பார்.

அந்தக் கதைகளை நினைத்தால் இப்போது எனக்குக் கோபம் வருகிறது. அப்போது அப்படியே சொக்கிப்போய்க் கேட்டேன். தங்க மீனிடம் நீ யார் என்று கேட்ட செம்படவன் மகளுக்கு மீனும் போனது, பேச்சும் போனது. மூடிய பானையைத் திறந்து பார்த்த மருமகளுக்கு ஒரு கண் அவிந்தது. திரும்பிப் பார்க்காதே என்று சொல்லியும் பார்த்த தங்கச்சி கல்லாகி நின்றாள். வாசித்து முடித்ததும், இதிலிருந்து என்ன தெரியுது என்று டீச்சர் கேட்பார். பார்க்கக் கூடாது, கேட்கக் கூடாது, திறக்கக் கூடாது என்று நாங்கள் ராகம் போட்டுச் சொல்வோம். ராஜகுமாரர்கள் திறந்தால் மட்டும் உள்ளே ராஜகுமாரி இருப்பாள். இந்த வித்தியாசம் எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் உறைத்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஆடு மேய்ப்பவரின் மகள். எந்நேரமும் கேள்விதான். ஆட்டுக்கு மட்டும் கண்மணி ஏன் படுத்துக் கிடக்கிறது என்று ஒருநாள் கேட்டாள். டீச்சருக்குத் தெரியவில்லை. தெரியாததை மறைக்க அவளை எழுந்து நிற்க வைத்தார். நின்றுகொண்டே அடுத்த கேள்வியைக் கேட்டாள். ஆனால் அவள் எதையும் தொட்டு நான் பார்த்ததில்லை. கேட்பாள், அவ்வளவுதான். பதில் வராவிட்டால் அதையும் ஒரு விஷயமாக எடுத்துவைத்துக்கொள்வாள்.

நான் அதற்கு நேர் எதிர். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நல்ல பிள்ளை என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பேர். ஆனால் மனசுக்குள் நான் அந்தப் பீரோவைத் தினமும் திறந்துகொண்டுதான் இருந்தேன். அது வெளியில் யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை டீச்சர் வாசித்தது நாலு வாசல் அரண்மனையின் கதை. ராஜா வெளியூர் போகிறார். மகனிடம் சாவிக்கொத்தைக் கொடுத்து, கிழக்கு வாசலைத் திற, தெற்கு வாசலைத் திற, மேற்கு வாசலைத் திற, வடக்கு வாசலை மட்டும் திறந்துவிடாதே என்கிறார். மகன் முதல் நாள் கிழக்கே போனான், பூந்தோட்டம். மறுநாள் தெற்கே போனான், தாமரைக்குளம். மூன்றாம் நாள் மேற்கே, வெள்ளைக் குதிரை. நாலாம் நாள் வடக்கு வாசலுக்கு முன்னால் வந்து நின்றான்.

அந்த இடத்தில் பக்கத்திலிருந்தவள் கையைத் தூக்கினாள்.

"தெறக்கக் கூடாதுன்னா ராசா எதுக்கு டீச்சர் அங்கன கதவு வச்சாரு? செவரா கட்டிருக்கலாம்லா?"

வகுப்பே சிரித்தது. டீச்சருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஏட்டி, ஒனக்கு வாய மூடவே தெரியாதா என்று அதட்டிவிட்டு மேலே வாசித்தார். மகன் சாவியைப் பூட்டுக்குள் போட்டான், ஒரு சுற்றுச் சுற்றினான். ஓடை வளைவில் ஹாரன் அடித்தது. டீச்சர் புத்தகத்தைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, மீதி அடுத்த வெள்ளிக்கிழமை என்று ஓடினார்.

சனியும் ஞாயிறும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் வாய் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் தெறந்திருப்பானா, உள்ள என்ன இருக்கும், பூதமா, இல்ல ஒண்ணுமே இருக்காதா என்று. கேட்டுக் கேட்டே அவளுக்குப் பாதி ஆசை தீர்ந்திருக்கும். கேட்காத எனக்கு அது அப்படியே உள்ளே கிடந்து கொதித்தது.

திங்கட்கிழமை மத்தியானம் எல்லோரும் மரத்தடியில் சத்துணவுக்குத் தட்டைப் போட்டு உட்கார்ந்தபோது நான் மட்டும் உள்ளே போனேன். ஆணியிலிருந்து சாவியை எடுத்தேன். பூட்டில் போட்டேன். கதையில் வந்தவன் நின்ற அதே இடத்தில்தான் நானும் நின்றேன். சுற்றுவதற்குள் வெளியே சத்துணவு ஆயாவின் செருப்புச் சத்தம் கேட்டது. சாவியை உருவிக் கைக்குள் பொத்திக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடிவிட்டேன்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வெறும் கரிசல் காடு. அந்த மாதத்தில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். என் கை முழங்கை வரை தாராளமாக உள்ளே போகும். வெடிப்புக்குள் கல்லைப் போட்டு அடியில் சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துப் பார்ப்பது எங்களுக்கு விளையாட்டு. அங்கே நின்று, ஆயா போனதும் சாவியை ஆணியில் மாட்டிவிடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ஆடு மேய்ப்பவரின் மகள் என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டாள். பாவாடையில் பை கிடையாது. கையை விரி என்று அவள் நிச்சயம் சொல்வாள். சாவியை ஒரு வெடிப்பின் ஓரத்தில் வைத்து, மேலே ஒரு மண்கட்டியைத் தூக்கி வைத்தேன்.

கரிசல் காட்டில் பிறந்தவள் வெடிப்பின் ஓரத்தை நம்பலாமா? உச்சி வெயிலில் காய்ந்து நிற்கும் மண் அது. பக்கத்தில் மிதித்தாலே உதிரும். அவள் வந்து, வழக்கம்போலக் குப்புறப் படுத்து வேறொரு வெடிப்பில் காதை வைத்தாள். மணி அடித்ததும் இருவரும் ஓடினோம். சாயங்காலம் நான் திரும்பிப் போனபோது மண்கட்டியும் இல்லை, சாவியும் இல்லை. ஓரம் சரிந்து எல்லாம் உள்ளே போயிருந்தது.

எங்கள் வீட்டில் உடைந்த ரேடியோ ஒன்று கிடந்தது. அதன் ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைப் பெயர்த்து எடுத்து நூலில் கட்டினேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அதை வெடிப்புக்குள் இறக்கிக்கொண்டிருந்தபோது அவள் வந்து நின்றாள்.

"எதுக்குட்டி காந்தம் விடுத?"

இரும்புத்தூள் எடுக்க என்றேன். பொய்யும் இல்லை. காந்தம் ஒவ்வொரு தடவையும் கரும் தாடி முளைத்தது போலத் தூளோடுதான் மேலே வந்தது. அவளுக்கு ஒரே சந்தோஷம். நூலில் சாணுக்கு ஒரு முடிச்சுப் போட்டு, எந்த வெடிப்பு எவ்வளவு ஆழம் என்று அளக்க ஆரம்பித்துவிட்டாள். ஒன்று அவள் அப்பாவின் உயரத்துக்கு மேல் போனது. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் எனக்கு உதவி செய்தாள். தான் எதைத் தேடுகிறோம் என்று தெரியாமலேயே தேடினாள்.

வெள்ளிக்கிழமை கடைசி மணியில் டீச்சர் ஆணியைத் தடவினார். மேஜை இழுப்பறையைக் கவிழ்த்தார், சாக்பீஸ் டப்பாவைக் கொட்டினார். அது அரசாங்கப் பீரோ, அவர் புதிதாக வேலைக்கு வந்தவர். மாற்றுச் சாவி ஒன்று இருக்கத்தான் செய்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று அதைப் பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தார். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

யார் எடுத்தது என்று டீச்சர் கேட்டார். எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. யாரும் சொல்லிக்கொடுத்துத் திரும்பவில்லை. வாராவாரம் கதை கேட்டவர்கள் அல்லவா நாங்கள். ஒன்று காணாமல் போனால், ஒன்று உடைந்தால், அதற்குக் காரணம் யார் என்று எங்களுக்குத் தெரியும். கேள்வி கேட்டவள்தான். டீச்சரும் அவளைத்தான் பார்த்தார்.

அவள் எழுந்து நின்றாள். பயந்த மாதிரியே தெரியவில்லை.

"நான் எடுத்திருந்தா பீரோ தெறந்துல்லா டீச்சர் கெடக்கும்?"

இதைவிட நல்ல பதில் உலகத்தில் கிடையாது என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அது எதிர்த்துப் பேசியதாக ஆகிவிட்டது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் உள்ளே விடுவேன் என்று டீச்சர் அனுப்பிவிட்டார். அவள் பையை எடுத்துக்கொண்டு போகும்போது என்னைப் பார்த்தாள். நீயாவது சொல்லேன் என்ற பார்வை அது. நான் எடுத்திருப்பேன் என்ற சந்தேகம் அதில் துளிகூட இல்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். பயம் இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் பயத்தோடு இன்னொன்றும் இருந்தது. கதைகளில் தண்டனை தானாகவே வரும். பானையைத் திறந்தவளுக்கு அந்த நிமிஷமே கண் போகும். யாரும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. அதனால் எனக்கும் வரும் என்று காத்திருந்தேன். காலையில் எழுந்ததும் இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பார்ப்பேன். காலைத் தடவி, கல்லாகியிருக்கிறதா என்று பார்ப்பேன். ஒன்றும் ஆகவில்லை. தண்டனை வீடு மாறிப் போய்விட்டது. அது அவள் வீட்டுக் கதவைத் தட்டியது. இப்படி நடக்கும் என்று எந்தக் கதையிலும் எனக்குச் சொல்லவில்லை. அதனால் என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

திங்கட்கிழமை அவள் அப்பா தோளில் ஒரு ஆட்டுக்குட்டியைப் போட்டபடி வந்தார். சத்தம் போடவில்லை. "எம் பிள்ள எடுத்திருக்க மாட்டா. கேட்டுக்கிட்டேதான் இருப்பா, அதுக்கு நான் என்ன செய்ய," என்றார். திருட்டுப் பட்டம் வாங்கியா படிக்க வேண்டும் என்று அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் கழித்து, விடியற்காலையில் ஊருக்குள் வரும் தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் அவளும் ஏறினாள் என்று சொன்னார்கள். எங்கள் பக்கம் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பேர்; மரச்சட்டத்தில் தீக்குச்சி அடுக்கும் வேலை. அவள் அக்காவும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தாள்.

சாவி கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். கிடைத்தது என்று கொண்டுபோய்க் கொடுத்தால் டீச்சர் அவளைக் கூப்பிட்டுக்கொள்வார், இல்லையா? எங்கே கிடைத்தது என்று கேட்டால் என்ன சொல்வது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தினமும் சாயங்காலம் தனியாகப் போய்க் காந்தத்தை இறக்கினேன். லாடத் துண்டு வந்தது, துருப்பிடித்த ஆணி வந்தது. வடகிழக்கில் மேகம் கூட ஆரம்பித்தது. ஊரே அண்ணாந்து பார்த்துச் சந்தோஷப்பட்டது. எங்கள் பக்கம் மழை வருகிறதே என்று அழுத பிள்ளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கரிசல் மண் மழை பட்டால் ஊதும், ஊதினால் வெடிப்பெல்லாம் மூடிக்கொள்ளும். புரட்டாசிக் கடைசியில் ஒருநாள் மத்தியானம் பிடித்த மழை மறுநாள் காலை வரை விடவில்லை. போய்ப் பார்த்தபோது காடு ஒரே வழவழப்பாகக் கிடந்தது. எந்த இடத்தில் வெடிப்பு இருந்தது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்த வாரம் அதன்மேல் ஏர் ஓட்டிக் கொத்தமல்லி விதைத்தார்கள்.

பீரோவை உடைக்க டீச்சர் பயந்தார். உடைத்தால் ஏன் உடைத்தாய் என்று கேட்பார்கள் என்று, மேலே எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். பதில் வரவில்லை. தை மாதம் அதிகாரிகள் பார்வையிட வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும் எட்டயபுரத்திலிருந்து பூட்டுக்காரரைக் கூட்டி வந்தார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். கதவு முதன்முறையாக முழுக்கத் திறந்தது. உள்ளே புத்தகமே இல்லை. அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது, அது வழியாகக் கரையான் ஏறியிருந்தது. தட்டு தட்டாக மண் புற்று. தொட்டால் பொலபொலவென்று உதிர்ந்தது. அட்டைகள் மட்டும் சில மிச்சம். இந்த அஞ்சு மாதமும் வாரம் ஒருமுறை திறந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும் என்று பூட்டுக்காரர் சொன்னார். டீச்சர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நாலு வாசல் கதையும் அந்தப் புற்றுக்குள்தான் எங்கேயோ கிடந்தது. அடுத்த வருஷம் அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் நாகலாபுரத்துக்கு ஆறாம் வகுப்புக்குப் போனேன்.

பெரியவளான பிறகு ஒருமுறை அம்மாவிடம் மட்டும் இதைச் சொன்னேன். அம்மா புளி கரைத்துக்கொண்டிருந்தாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவ எப்படியும் நின்னிருப்பா. அக்காக்காரியும் அஞ்சாப்போடதான நின்னா," என்றாள். ஆறுதலுக்குச் சொன்னாளோ, உண்மையைத்தான் சொன்னாளோ. இரண்டு நாள் நிம்மதியாக இருந்தது. மூன்றாம் நாள், அந்த நிம்மதியே எனக்குப் பிடிக்காமல் போயிற்று. அவள் கட்டாயம் நின்றிருப்பாள் என்று யாரால் சொல்ல முடியும்? நின்றிருக்க மாட்டாள் என்றும் யாரால் சொல்ல முடியும்?

மகளுக்குப் புத்தகம் வாங்கிய மறுமாதம், ஊரில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போய்விட்டு நாகலாபுரத்திலிருந்து கோவில்பட்டி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். சாயங்கால வெயில். மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். இந்த மண்ணு மட்டும் ஏன் கருப்பா இருக்கு, அந்த முள்ளு உடைமரத்துக்கு யாரு தண்ணி ஊத்துவா, அந்த ஆடு ஏன் நம்மளையே பாக்குது. எனக்குத் தலைவலி. வாயை மூடிட்டு வா என்று அதட்டினேன்.

"கேக்கட்டும் விடு," என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

திரும்பினேன். முகம் ஒட்டி, முன்நெற்றியில் இரண்டு நரைமுடி. கண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவள் என்னை எப்போதோ கண்டுபிடித்துவிட்டாள் போல, சிரித்துக்கொண்டிருந்தாள். இப்போதும் தீப்பெட்டி ஆபீஸில்தான் வேலை என்றாள். எட்டயபுரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் பெண் பிள்ளைகள், இரண்டு பேரும் படிக்கிறார்கள். விரல் நுனிகள் வழுவழுவென்று தேய்ந்திருந்தன. அதை நான் பார்ப்பதைக் கவனித்துக் கையை மடக்கிக்கொண்டாள்.

நலம் விசாரித்து முடிவதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

"ஏட்டி, அந்த ராசா மவன் வடக்கு வாசலத் தெறந்தானா?"

இத்தனை வருஷமும் ராஜா மகனின் சாவி அவளுக்குப் பூட்டுக்குள்ளேயே நின்றிருக்கிறது. தெரியாது, புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டது என்று சொன்னேன். பூட்டுக்காரர் வந்த கதை முழுவதையும் சொன்னேன். உலக உருண்டை இருந்ததா என்று கேட்டாள். இருந்தது, பிளாஸ்டிக் என்பதால் தப்பித்துவிட்டது என்றேன். சுற்றியதா என்று கேட்டாள். யாரும் சுற்றிப் பார்க்கவில்லை என்று சொன்னேன். அவள் உச்சுக் கொட்டினாள். கூட வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறாளாம். கையில் குச்சி ஓடிக்கொண்டிருக்கும்போது வாய் சும்மாதானே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் வடக்கு வாசலுக்குப் பின்னால் வேறு வேறு எதையாவது வைப்பாளாம். ஒன்றுகூடச் சரியாகப் பொருந்தவில்லை என்றாள்.

அவள் ஊர் நெருங்கிக்கொண்டிருந்தது. பையை எடுத்து மடியில் வைத்தாள். இப்போது விட்டால் இனி எப்போதும் இல்லை என்று தோன்றியது. மகள் பக்கத்தில் இருக்கிறாள் என்றுகூடப் பார்க்கவில்லை.

"சாவிய எடுத்தது நாந்தான்," என்றேன். வெடிப்புக்குள் விழுந்துவிட்டது என்றும் சொன்னேன்.

அவள் என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவள் முகத்தில் முதலில் வந்தது வேறு.

"அதுக்குத்தான் காந்தமா," என்றாள் மெதுவாக. பதில் வராமல் எடுத்துவைத்திருந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்த முகம் அது. ஒரு நொடி பத்து வயதுப் பெண்ணாகவே இருந்தாள். பிறகு முன்னால் குனிந்து கேட்டாள். "உள்ள பாத்தியா?"

இல்லை என்றேன். சாவியைப் போட்டதும் ஆயா வந்துவிட்டார், நான் ஓடிவிட்டேன் என்றேன்.

"தெறக்கவே இல்லையா?"

தலையை ஆட்டினேன். அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. அவளைக் கோபமாக நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கண் கலங்கி, குரல் உடைந்துவிட்டது.

"அன்னைக்கே சொன்னேம்லாட்டி. நான் எடுத்திருந்தா தெறந்திருப்பேன்னு."

நிறுத்தம் வந்தது. எழுந்தாள். என் மகளின் தலையில் கையை வைத்து ஒரு நிமிஷம் நின்றாள். என்னைப் பார்க்காமலேயே இறங்கிப் போனாள். மன்னித்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. பஸ் கிளம்பியதும் மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். எந்தச் சாவிம்மா என்று கேட்டாள். வாயை மூடு என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, பச்சையாக ஒரு பீரோ இருந்தது என்று ஆரம்பித்தேன்.